மூன்று கேமராவும் ஓர் அட்டிகையும்

பெங்களூர் அடுகோடியில் டயர் ரீட்ரேடிங் பட்டறைக்கு மேலே துப்பறியும் நிறுவனம் நடத்துவதில் ஒரு வசதி உண்டு. கீழே வேகிற ரப்பர் நாற்றத்தைத் தாண்டி ஒருவர் மாடியேறி வந்தால், அவருக்கு நிஜமாகவே ஏதோ பிரச்சினை இருக்கிறது என்று நம்பலாம். பொழுது போகாமல் வருகிறவர்கள் முதல் படியிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசிப் படிவரை ஏறி வந்தவள் லீனா. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஹெர்பர்ட் போகிற அதே மாதா கோயிலில்தான் அவளும் பாட்டுக் குழுவில் பாடுவாள். அன்று பூசை முடிந்ததும், யாரும் வழக்கமாகச் செய்யாத காரியமாக, ஹெர்பர்ட்டின் சட்டையைப் பிடித்து இழுத்து, "உங்க மேடத்தைப் பார்க்கணும்" என்று சொல்லியிருந்தாள்.

மேடம் என்பது பாமா. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம், எரிந்துபோன கடைகளின் சாம்பலுக்குள் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தவள். கம்பெனி அவளுக்கு விருது கொடுத்தது, பிறகு அவள் கண்டுபிடித்த ஒரு தீப்பெட்டி கம்பெனி டைரக்டரின் மச்சினனுடையது என்று தெரிந்ததும் வழியனுப்பு விழாவும் நடத்தியது. அதற்குப் பிறகு சொந்தத் தொழில். ஹெர்பர்ட் அவளுடைய உதவியாளன், டிரைவர், தேவைப்பட்டால் காபி போடுகிறவன். இந்த மூன்றையும்விட வாயைத் திறப்பதில் அவனுக்குத் திறமை அதிகம்.

"சிரிலை ஸ்டேஷன்ல உட்கார வெச்சிருக்காங்க மேடம்" என்றாள் லீனா. "என் தம்பி. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நகை வரலேன்னா கேஸ் எழுதிடுவேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டார். அவன் வேலையே அடுத்தவங்க வீட்டுக்குள்ள தனியாப் போறதுதான். திருட்டுக் கேஸ் இருக்கிறவனை யார் மேடம் உள்ளே விடுவாங்க?"

"என்ன வேலை?"

"விக்கிற வீட்டை கேமராவுல எடுத்து நெட்ல போடறது. வாங்க வர்றவங்க வீட்ல இருந்தே ரூம் ரூமா நடந்து பார்க்கலாம். திரீ டி டூர்."

விஷயம் இதுதான். ஹெப்பகோடியைத் தாண்டி, ஆனேக்கல் போகிற வழியில் ஒரு வில்லா. வீட்டுக்காரர் ராஜேந்திரன், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் பட்டறை வைத்து நாலு காசு பார்த்தவர். அந்த வில்லாவை விற்றுவிட்டு, தேவனஹள்ளிப் பக்கம் மேகத்துக்குப் பக்கத்து வீடாக ஒரு உயர மாடி ஃபிளாட்டுக்குப் போகத் திட்டம். விற்கிற வீட்டை இணையத்தில் எப்படிக் காட்டுவது என்று அவருக்குக் குழப்பம். போட்டோ போதுமா, வீடியோ எடுப்பதா, டூர் போடுவதா? பெண்ணுக்கு வரன் பார்க்கிறபோது கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். கடைசியில் மூன்றையும் எடுத்துவிட்டு எது நன்றாக இருக்கிறதோ அதைப் போடலாம் என்று முடிவு செய்தார்.

எடுக்கிற நாளும் பார்த்துத்தான் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வரமகாலட்சுமி பூஜை. ஹாலில் கலசம் வைத்து, முகம் பொருத்தி, புடவை கட்டி, அந்த வீட்டு அம்மா காந்தாவின் கெம்பு அட்டிகையை அம்மன் கழுத்தில் போட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் செய்ய வேண்டிய, கலசத்தை எடுத்துவைக்கிற புனர்பூஜையைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைக்கச் சொன்னவர் புரோக்கர். லட்சுமி குடியிருக்கிற வீடு என்று காட்டினால் வாங்க வருகிற பார்ட்டி மயங்கும் என்பது அவர் கணக்கு.

"சனிக்கிழமை முதல்ல புரோக்கர் போட்டோ எடுத்தார். அதுல அட்டிகை இருக்கு" என்றாள் லீனா. "அப்புறம் சிரில் டூர் எடுத்தான். கடைசியா மறுபடி புரோக்கர் போன்ல வீடியோ எடுத்தார். அதுல அட்டிகை இல்லை."

"நடுவுல இருந்தது சிரில்" என்றாள் பாமா.

"அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க."

"நகை காணோம்னு முதல்ல பார்த்தது யாரு?"

"ராஜேந்திரன் சார். சாயங்காலம் வீடியோவைப் பார்த்தப்ப."

"வீட்டுக்குள்ளயே அம்மன் இருந்தும் போன்ல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாரா? நல்ல பக்தி" என்றான் ஹெர்பர்ட்.

லீனா சிரிக்கவில்லை. "இன்னொண்ணு மேடம். டூர் வேண்டாம், வீடியோ போதும், டூரை அழிச்சுடுங்கன்னு அவர் கம்பெனிக்கு சொல்லிட்டார். அதை ஆஃபர்ல சும்மாதான் குடுத்திருந்தாங்க."

பாமா முதல் முறையாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சும்மா குடுத்ததை வேண்டாம்னாரா?"

"பெங்களூர்ல இலவசத்தை வேண்டாம்னு சொன்ன முதல் வீட்டுக்காரர் மேடம். கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் காட்டணும்" என்றான் ஹெர்பர்ட்.

"டூர் இப்ப எங்கே இருக்கு?"

"கம்பெனி இன்னும் அழிக்கலை மேடம். சிரில் எனக்கு லிங்க் அனுப்பியிருந்தான். எதை எடுத்தாலும் எனக்குக் காட்டுவான்." சொல்லும்போதே லீனாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. அதைப் பார்க்க ஹெர்பர்ட்டுக்குக் கஷ்டமாக இருந்ததால், கம்ப்யூட்டரைத் திறக்கிற வேலையை அவசரமாக எடுத்துக்கொண்டான்.

திரையில் வில்லாவின் வாசல் விரிந்தது. தரையில் அங்கங்கே வெள்ளை வட்டங்கள். வட்டத்தைத் தொட்டால் அந்த இடத்துக்குப் போய் நிற்கலாம், தலையைத் திருப்புவது போலச் சுற்றிலும் பார்க்கலாம். ஹால், சாப்பாட்டு அறை, சமையலறை, மாடி, எங்கும் ஈ காக்கை இல்லை.

"ஆளுங்க எல்லாம் எங்கே?" என்றாள் பாமா.

"ஒளிஞ்சிருப்பாங்க" என்றாள் லீனா. "இந்த கேமரா நாலு பக்கமும் சுத்தி எடுக்கும் மேடம். அறையில யார் நின்னாலும் படத்துல விழுந்துடுவாங்க. அதனால கேமராவை நடுவுல வெச்சுட்டு சிரில் வெளியே போய் ஒளிஞ்சுக்கணும். வீட்டுக்காரங்களும் ஒளிஞ்சுக்கணும். கீழே எடுக்கிறப்ப மாடிக்கு, மாடியில எடுக்கிறப்ப கீழே."

"அப்போ இவன் எப்ப எங்கே இருந்தான்னு இவன் வேலையே மறைச்சுடுது" என்றாள் பாமா.

"யார் கண்ணிலும் படாம இருக்கறதுக்கு சம்பளம் வாங்கறவன் மேலதான் திருட்டுப் பழி" என்றான் ஹெர்பர்ட். "வக்கீல் கூட இதை நம்ப மாட்டார்."

பாமா அவனைத் தள்ளிவிட்டுத் தானே நகர்த்திப் பார்த்தாள். ஹாலில் இரண்டு வட்டங்கள். வாசல் பக்கம் உள்ளது சிரில் முதலில் எடுத்தது. அதில் அம்மன் கழுத்தில் அட்டிகை சிவப்பாக மின்னியது. மாடிப்படிக்குக் கீழே உள்ள வட்டம், மாடி முழுக்க எடுத்து முடித்துவிட்டு இறங்கி வந்து எடுத்தது. அதில் அம்மன் கழுத்து வெறுமையாக இருந்தது.

"போட்டோ பொய் சொல்லும். பாத்ரூமைக் கல்யாண மண்டபம் மாதிரி காட்டும்" என்றாள் பாமா. "வீடியோவும் பொய் சொல்லும். வேண்டாத பக்கம் திரும்பாது. இந்த டூருக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. எதிர்ல இருக்கிறது எல்லாத்தையும் எடுத்து வெச்சுடும், அது பாட்டுக்கு."

அவள் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்கும், மறுபடி முதல் வட்டத்துக்குமாகப் போய்ப் போய் வந்தாள். ஹெர்பர்ட்டுக்கு அட்டிகை போனது தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கலசம் கோலத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகத் தெரிந்தது, அது கேமரா நின்ற கோணமாக இருக்கும் என்று விட்டுவிட்டான். பாமா லீனாவின் போனில் இருந்த புரோக்கரின் போட்டோவையும் வாங்கிப் பார்த்தாள். பிறகு ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"வண்டியை எடு."

ஓசூர் ரோட்டின் மேம்பாலத்தில் ஸ்கூட்டரை ஏற்ற மாட்டார்கள். கீழே போகிற சாலையில், ஆகஸ்ட் மாதத்துச் சாரலில், லாரிகளுக்கு நடுவே நகர்கிறபோது ஹெர்பர்ட் இரண்டு தடவை ஜெபம் சொன்னான். ஒன்று சிரிலுக்காக.

வில்லா இருந்த குடியிருப்புக்கு லேக் பேலஸ் என்க்ளேவ் என்று பெயர். ஏரி எங்கே என்று செக்யூரிட்டியிடம் கேட்டதற்கு, மழை பெய்தால் கேட்டுக்கு முன்னாலேயே வரும் என்றார். வாசலில் இரண்டு போனும் ஒரு கழுத்துப்பட்டையுமாக புரோக்கர் கோவிந்தப்பா நின்றார். போலீஸில் இருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பணிவாகப் பேசினார். அந்த நினைப்பைக் கலைக்க பாமா அவசரப்படவில்லை.

"பார்ட்டி ரெடி மேடம். புதன்கிழமை அக்ரிமென்ட். வீடு காந்தாம்மா பேர்ல இருக்கு, அம்மா சைன் ஒண்ணு ஆனா ஆய்த்து, முடிஞ்சுது. இந்த டைம்ல இது பேக்கா, வேணுமா இதெல்லாம், சொல்லுங்க. பார்ட்டிக்கு சகுனம் ரொம்ப முக்கியம். நகை போன வீடுன்னு தெரிஞ்சா ஓடிப் போயிடுவார்."

"சிரில் மாடியில எடுத்துட்டு இருந்தப்ப நீங்க எங்கே இருந்தீங்க?"

"நானும் சாரும் கேட்டுக்கு வெளியே, என் கார்ல. பார்ட்டிகிட்ட ரேட் பேசிட்டு இருந்தோம். செக்யூரிட்டியைக் கேளுங்க, காரை அங்கே நிறுத்தாதேன்னு மூணு தடவை வந்து சண்டை போட்டான்."

செக்யூரிட்டி அதை ஒத்துக்கொண்டார். இன்னும் கோபமாக இருந்தார்.

ஹாலில் ராஜேந்திரன் உட்கார்ந்திருந்தார். போலீஸ் இல்லை, சிரிலின் அக்கா அனுப்பிய துப்பறிகிறவள் என்று தெரிந்ததும் அவர் முகம், காபி சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகமாக மாறிற்று. யோசித்து முடிப்பதற்குள் காந்தா காபியோடு வந்துவிட்டாள். ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். பச்சைப் புடவைக்கு மேலே கழுத்துவரை பொத்தான் போட்ட பழுப்பு ஸ்வெட்டர். காபியை வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். அந்த வீட்டில் அவள் நிற்பதற்கென்றே ஒதுக்கிய இடம் போல அது இருந்தது.

"ஒரே கேள்வி சார்" என்றாள் பாமா. "சும்மா கிடைச்ச டூரை ஏன் அழிக்கச் சொன்னீங்க?"

"எனக்கு வீடியோ பிடிச்சிருந்தது. வீடியோவுல மியூசிக் இருக்கு."

"டூர்ல எது இருக்கு?"

"என்னம்மா இது, பறிகொடுத்தவனையே விசாரிக்கறீங்க?"

பாமா எழுந்து போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்கிய பெரிய திரையை இழுத்தாள். பின்னால் சுவரில், கர்நாடகா வரைபடம் அளவுக்கு ஈரம் ஊறிப் பெயிண்ட் உப்பியிருந்தது. ஹெர்பர்ட் அதற்குப் பக்கத்தில் போய் நின்று மரியாதையாகப் பார்த்தான்.

"லேக் வ்யூ இங்கேதான் இருக்கு மேடம்."

"மாடித் தொட்டி கொஞ்சம் கசியும்" என்றார் ராஜேந்திரன். குரல் சுருங்கிவிட்டது. "வீடியோவுல கோவிந்தப்பா இந்தப் பக்கம் திரும்பாம எடுத்தார். அந்தப் பையன் கேமரா திரை ஓரத்துல இருந்து எடுத்துத் தொலைச்சுது. பார்ட்டி பார்த்தா விலையைக் குறைப்பான். அதுக்குத்தான் அழிக்கச் சொன்னேன். அதுக்காக நானே நகையைத் திருடினேனா?"

"இல்லை" என்றாள் பாமா. "உங்க தப்பு அந்த ஈரத்தை மறைச்சதோட சரி."

ஹெர்பர்ட்டுக்கு ஏமாற்றமாக இருந்தது. வழியெல்லாம் ராஜேந்திரன்தான் ஆள் என்று முடிவு கட்டி, கைவிலங்கு மாட்டும்போது சொல்ல ஒரு நல்ல வசனம்கூட யோசித்து வைத்திருந்தான். இப்போது வீட்டில் மிச்சம் இருந்தது சிரில் ஒருவன்தான் என்று பட்டது. லீனாவிடம் இதை எப்படிச் சொல்வது?

பாமா சாப்பாட்டு மேஜை மேல் இருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து நடுவில் வைத்தாள். தன் சங்கிலியைக் கழற்றிச் சொம்பின் கழுத்தில் மாட்டினாள்.

"இதுதான் அம்மன். ஹெர்பர்ட், நீதான் திருடன். நகையை எடு."

"கடைசியில என்னையும் இதுக்கு இறக்கிட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே ஹெர்பர்ட் போனான். இரண்டு கையாலும் சங்கிலியைத் தூக்கினான், பையில் போட்டுக்கொண்டான்.

"சொம்பைத் தொட்டியா?"

"சொம்பை எதுக்கு மேடம் தொடணும்? அதுவும் சேர்த்தா வேணும்?"

பாமா சங்கிலியை வாங்கி மறுபடி மாட்டினாள். "சார், இப்ப நீங்க."

ராஜேந்திரன் இந்தப் பைத்தியக்காரத்தனம் சீக்கிரம் முடியட்டும் என்கிற மாதிரி வந்து, ஒற்றைக் கையால் சங்கிலியை வெடுக்கென்று எடுத்து மேஜைமேல் போட்டார். பாமா மூன்றாவது தடவையாக மாட்டினாள். கோவிந்தப்பா இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"நான் தொட மாட்டேன் மேடம். விளையாட்டுக்குக் கூட வேண்டாம். கலசத்தை வடக்கே நகர்த்தாம அதுமேல இருக்கிற நகையை யாராவது எடுப்பாங்களா?"

"நகர்த்தினா?"

"பூஜை முடிஞ்சுதுன்னு அர்த்தம். லட்சுமிகிட்ட உத்தரவு வாங்கின மாதிரி. ஹாரத்தி எடுத்து, கலசத்தை வடக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்திட்டு, அப்பறம்தான் ஒவ்வொண்ணா எடுக்கணும். நம்ம வீட்லயும் அப்படித்தான்."

"எத்தனை வருஷமா உங்க வீட்ல இந்தப் பூஜை நடக்குது சார்?" என்று ராஜேந்திரனைக் கேட்டாள் பாமா.

"கல்யாணம் ஆனதுல இருந்து. ஏன்?"

"இது தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. இத்தனை வருடப் பூஜையில் அவர் கவனித்தது சுண்டலை மட்டும்தான் போலும்.

பாமா தன் டேப்லெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "காலைல எடுத்த போட்டோ. கலசம் தாமரைக் கோலத்துக்கு நட்ட நடுவுல இருக்கு. சிரில் எடுத்த முதல் வட்டம், அதே இடம். இது, அவன் மாடியை எடுத்துட்டு இறங்கி வந்து எடுத்தது. கோலத்துல ஒரு பக்கம் இதழ் வெளியே தெரியுது பாருங்க. தட்டோட நாலு விரல் நகர்ந்திருக்கு. கைபட்டு இடிச்சிருந்தா அரிசி சிதறியிருக்கும், ஒரு மணி கூட சிதறலை. வாஸ்து பார்க்க வசதியா, டூரோட வர்ற வீட்டு பிளான்ல திசை போட்டுத் தரச் சொல்லியிருக்கீங்க. அதுல பார்த்தேன். நேர் வடக்கு."

"உத்தரவு வாங்கிட்டுத் திருடின திருடன்" என்றான் ஹெர்பர்ட். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

"அந்தப் பையனே நகர்த்தியிருக்கலாமே" என்றார் ராஜேந்திரன்.

"அந்தப் பையன் இவனை மாதிரி. கிறிஸ்மஸ் குடிலை எப்பப் பிரிக்கணும்னு கேளுங்க, தூக்கத்துல கூட சொல்வான். கலசத்தைப் பத்திக் கேட்டா சொம்பும் சேர்த்தா வேணும்னு கேட்பான். இந்த முறை தெரியாத ரெண்டு பேர் இப்பதான் உங்க எதிர்ல திருடிக் காட்டினாங்க, ஒருத்தர் நீங்க. முறை தெரிஞ்ச கோவிந்தப்பா அப்போ உங்களோட கார்ல இருந்தார்."

கோவிந்தப்பா பெருமூச்சு விட்டார். ராஜேந்திரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். பட்டறைக் கணக்கு வேகமாகப் போடுகிற மனுஷர், இந்தக் கணக்குக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரோரம் பார்த்தார்.

காந்தா ஸ்வெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றினாள். பிறகு அடுத்தது. அட்டிகை அவள் கழுத்தில் இருந்தது.

பெங்களூர் ஆகஸ்டில் கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டவளை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். போலீஸ் சிரிலின் பையைத் தேடியது, வீட்டைத் தேடியது, அவன் அம்மாவின் தையல் மெஷின் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தது. பறிகொடுத்த வீட்டு அம்மாவின் கழுத்தை யார் தேடுவார்கள்?

"பைத்தியமா உனக்கு?" என்றார் ராஜேந்திரன்.

"நகை போன வீட்டை அந்தப் பார்ட்டி வாங்க மாட்டார்னு நினைச்சேன்" என்றாள் காந்தா. கணவரைப் பார்க்காமல் பாமாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "கம்ப்ளைன்ட் குடுப்பார், பையனைப் பிடிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை."

"பிடிச்சப்புறம் தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுது. வாய் வரலை."

"எனக்கு ஒண்ணு புரியலை" என்றாள் பாமா. அவள் குரலில் இப்போது கேலி இல்லை, ஆனால் இரக்கமும் அவ்வளவாக இல்லை. "வீடு உங்க பேர்ல. கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லியிருந்தா கதை முடிஞ்சுது. அதை விட்டுட்டு உங்க நகையை நீங்களே ஏன் திருடணும்?"

காந்தா கொஞ்சம் யோசித்தாள். "அதைச் சொல்றதைவிடத் திருடறது சுலபமா இருந்தது."

ராஜேந்திரன் எதையோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை.

"இந்த வீட்டை போட்டோவுல காட்டலாமா, வீடியோவுல காட்டலாமா, டூர் போடலாமான்னு ஊர்ல இருக்கிற எல்லார்கிட்டயும் கேட்டார். விக்கலாமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. இங்கே வந்துதான் நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். ஆனேக்கல் சந்தைக்கு நானே போயிட்டு வர்றேன். எனக்குன்னு நாலு பேர் இருக்காங்க. அந்த உச்சி மாடில என்னைக் கொண்டுபோய் வெச்சா நான் என்ன பண்ணுவேன்?"

கோவிந்தப்பா இரண்டு போனையும் ஒரே சமயத்தில் பார்க்க ஆரம்பித்தார்.

"சாயங்காலம் ஆகப் போகுது" என்றாள் பாமா. "ஒருத்தன் பெஞ்சில உட்கார்ந்திருக்கான்."

ஸ்டேஷனுக்குக் காரில் போகிற வழியில் ராஜேந்திரன் முழுசாகத் தேறிவிட்டார் என்பது, அவர் இறங்கி நடந்து வந்த தோரணையிலேயே ஹெர்பர்ட்டுக்குத் தெரிந்தது. மனைவிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பாடம் எடுத்திருப்பார். இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சிரித்துக்கொண்டே, அட்டிகை மேஜைக்குப் பின்னால் நழுவி விழுந்திருந்தது, இப்போதுதான் கிடைத்தது, சின்னத் தவறுதல் என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலை குறைகிறது என்றால் இன்ஸ்பெக்டருக்கும் சந்தோஷம்தான். அடுத்த தடவை மேஜைக்குப் பின்னாலும் பார்த்துவிட்டுக் கம்ப்ளைன்ட் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

காந்தா கதவோரம் நின்றாள். இங்கேயும் ஒரு சுவர் கிடைத்துவிட்டது. பாமா அந்தப் பொய்யை மறுக்கவில்லை. அது ஹெர்பர்ட்டுக்கு ஆச்சரியமாக இருந்தது. மேடம் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தான், அவள் காந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிலைக் கூட்டி வந்தார்கள். ஒல்லியாக, தாடி வைத்து, கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட்டோடு இருந்தான். அங்கேயே காத்திருந்த லீனா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நகை கிடைச்சுடுச்சுப்பா. கீழே விழுந்திருந்துச்சாம். நீ போகலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சிரில் தலையாட்டினான். ராஜேந்திரனை விட்டுவிட்டு, காந்தாவிடம் வந்து நின்றான். ஒளிந்துகொள்ளச் சொல்லி அவளிடம்தான் அவன் நேற்று முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்திருப்பான் போல, அந்தப் பழக்கத்தில் பேசினான்.

"கிடைச்சது நல்லதும்மா. ஆனா இவங்க எல்லாரும் இப்ப என்ன நினைப்பாங்க தெரியுமா? நானே பயந்துபோய் யார்கிட்டயோ சொல்லித் திருப்பிப் போட வெச்சேன்னுதான் நினைப்பாங்க. கம்பெனிலயும் அப்படித்தான் நினைப்பாங்க. எங்க தெருவுல எல்லாரும் போலீஸ் வீட்டைத் தேடினதைப் பார்த்தாங்க. கீழே விழுந்ததை யாரும் பார்க்கலை."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். உயர்த்தியிருந்தால் தேவலை என்று ஹெர்பர்ட்டுக்குத் தோன்றியது. தன்னையே யாரோ சந்தேகப்பட்டு நிறுத்தி வைத்த மாதிரி அவனுக்கு இருந்தது.

"சரி சரி, கிளம்பலாம்" என்றார் ராஜேந்திரன்.

காந்தா சுவரை விட்டு வந்து இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நகை விழலை சார். நான்தான் எடுத்தேன். இந்தப் பையனுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படியே எழுதுங்க, அவங்க கம்பெனிக்கும் ஒரு காப்பி குடுங்க."

"காந்தா" என்றார் ராஜேந்திரன்.

"நான் பேசிட்டு இருக்கேன்."

அவர் நின்ற இடத்தில் நின்றார். அந்த வாக்கியத்தை அவர் இதற்கு முன்னால் கேட்டதே இல்லை என்பது ஸ்டேஷனில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஹெர்பர்ட் வாய்வரை வந்த ஒரு நல்ல கிண்டலை விழுங்கினான். லீனா தம்பியின் கையை இன்னும் விடவில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சோடு ஒரு வெள்ளைத்தாளை இழுத்துவைத்துப் பேனாவைத் திறந்தார்.

"பேர்?"

"காந்தா."

"எங்கே நடந்தது?"

"லேக் பேலஸ் என்க்ளேவ், பதினோராம் நம்பர்."

"யார் வீடு அது?"

பழக்கதோஷத்தில் ராஜேந்திரன் வாயைத் திறந்தார். காந்தா அவருக்கு முன்னால் சொன்னாள்.

"என் வீடு."